பித்தளையில் ஒரு நாதஸ்வரம்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கொஞ்சம் வசதியான கல்யாண ரிசப்ஷன் என்றால் மேடை ஓரமாக ஒரு சாக்ஸபோன் பளபளக்கும். எப்படியும் 'டூயட்' பட மெட்டு ஒன்று வந்துவிடும். பந்திக்குப் போகிற கூட்டம் அரை நிமிஷம் நின்று, 'பிரபு வாசிப்பாரே, அதானே!' என்று நகரும்.

பிரபு வாசிக்கவில்லை ஸார். 1994-ல் வந்த அந்த கே. பாலசந்தர் படத்தில், ஏ.ஆர். ரஹ்மான் இசையில், கன்னத்தை உப்பியது பிரபு; ஊதியது கத்ரி கோபால்நாத்.

1949-ல் தட்சிண கன்னடத்தில் பிறந்தவர். அப்பா நாதஸ்வரக்காரர். பையன் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைப் பார்த்து மயங்கிவிட்டான். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயர், சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணன் என்று முறையான பாடம்.

பெல்ஜியத்துக்காரர் அடால்ஃப் சாக்ஸ் 1846-ல் காப்புரிமை வாங்கிய இந்த வாத்தியத்துக்கு கமகம் லேசில் வராது. சாவியை அழுத்தினால் ஸ்வரம் படிப்படியாக வரும். தோடிக்கு வேண்டியதோ படிக்கட்டு இல்லை, சறுக்கு மரம். நாதஸ்வரத்தில் துளையை விரலால் அரைகுறையாக மூடி வழுக்கலாம். இதில் மூடுவதே சாவிதான். கோபால்நாத் கருவியில் சில மாற்றங்கள் செய்தார். மீதியை உதட்டாலும் மூச்சாலும் சரிக்கட்டினார்.

1980 பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்க சாக்ஸபோன்காரர் ஜான் ஹேண்டி இவரைக் கேட்டு அசந்து, கூடவே வாசித்தார். 2008-ல் ருத்ரேஷ் மஹந்தப்பாவோடு 'கின்ஸ்மென்' ஆல்பம். அதில் ருத்ரேஷ் ஜாஸ்காரராகவே வெடிக்கிறார். இவர் ராகத்தை விட்டு ஓர் அடி நகரவில்லை. இரண்டு பேரும் அடுத்தவர் மாதிரி ஆக முயலாததுதான் அதன் அழகு.

குறையே இல்லையா? உண்டு. வேகம் பிடித்துவிட்டால் மனுஷர் லேசில் இறங்க மாட்டார். கைதட்டல் நிச்சயம், ராகம் மூச்சு வாங்கும். கன்யாகுமரியின் வயலின் பக்கத்தில் இருக்கும்போதுதான் நிதானம் வரும். அந்தக் கச்சேரிகளைத் தேடிக் கேளுங்கள்.

2004-ல் பத்மஸ்ரீ. 2019 அக்டோபரில் மங்களூரில் காலமானார்.

அவர் பித்தளைக்குள் ஊதியது அப்பாவின் நாதஸ்வரத்தைத்தான். நாமோ சாயந்திர சாக்ஸபோனுக்கு செல்போனைத் தூக்குகிறோம். காலையில் முகூர்த்தத்துக்கு வாசித்தவரை ஏறிட்டும் பார்ப்பதில்லை. வரவெல்லாம் சாக்ஸபோன் கணக்கில். முதல் போட்டதோ நாதஸ்வரம். எந்த ஆடிட்டரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.