கோடு விழாத பட்டை

ரத்தப்பேதியில் துவண்டு கிடக்கும் மூன்று மாத நாய்க்குட்டி. ஆசனவாயில் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்து, கரைசலில் கலக்கி, பார்வோ வைரஸைக் கண்டறியும் சோதனைப் பட்டையில் சில சொட்டுகள் விடுகிறோம். பத்து நிமிடத்தில், பட்டை வேலைசெய்வதைக் காட்டும் 'சி' கோடு சிவக்கிறது. வைரஸ் இருப்பதைக் காட்டும் 'டி' கோடு விழவேண்டிய இடம் வெறுமையாகவே இருக்கிறது. பார்வோ இல்லையென்று குட்டியை மற்ற நாய்களோடு விட்டுவிடலாமா? கூடாது.

'டி' கோட்டில் பூசப்பட்டிருப்பது வைரஸைப் பிடிக்கும் எதிர்ப்பொருள். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் வகுத்த ஹைப்ரிடோமா முறையில், எலிச் செல்களைக் கொண்டு இதைத் தயாரிப்பதே நெடுநாள் வழக்கம். அதில் ஒரு குறை உண்டு. 2018இல் வெளியான ஓர் ஆய்வு 185 ஹைப்ரிடோமாக்களைச் சோதித்தது, 31.9 சதவீதத்தில் வேண்டாத கூடுதல் புரதச் சங்கிலிகள் இருந்தன. மரபணுவைக் கொண்டு தயாரிக்கும் மறுசேர்க்கை எதிர்ப்பொருள் வெல்வது இங்கேதான். அதன் மரபணு வரிசை நம் கையில் இருக்கிறது. செல்கள் அழிந்தாலும் அதே புரதத்தை மீண்டும் உருவாக்கலாம்.

பொருத்தமான எதிர்ப்பொருளைத் தேர்ந்தெடுக்கவும் இந்த முறை வசதி. பார்வோவின் 2ஏ, 2பி, 2சி வகைகள் முக்கியமாக விபி2 புரதத்தின் 426ஆம் அமினோ அமிலத்தில் வேறுபடுகின்றன. அந்த இடத்தையே நம்பிய எதிர்ப்பொருள் ஒரு வகையைப் பிடித்து மற்றதைத் தவறவிடும். ஸ்மித்துக்கும் விண்டருக்கும் 2018 நோபலில் பங்கு பெற்றுத்தந்த ஃபேஜ் டிஸ்ப்ளே முறையில், மூன்றுக்கும் பொதுவான இடத்தைப் பற்றுவதைச் சலித்தெடுக்க முடியும்.

ஆனால் ஈ.கோலை பாக்டீரியாவில் மலிவாகக் கிடைக்கும் ஒற்றைச்சங்கிலி எதிர்ப்பொருள் துண்டுக்கு வைரஸைப் பிடிக்க ஒரே கைதான். முழு எதிர்ப்பொருளுக்கு இரண்டு. பிடி தளரும். இரண்டு துண்டுகளை இணைத்தால் இதைச் சரிசெய்யலாம். அதைவிடப் பெரிய சிக்கல் மலத்தில் இருக்கிறது. நோய் முற்றும்போது குட்டியின் சொந்த எதிர்ப்பொருள்களே குடலில் வைரஸைப் போர்த்திவிடுகின்றன. பேதி மலத்திலுள்ள வைரஸை நீர்க்கச் செய்கிறது. சில நாட்களில் வெளியேறும் வைரஸும் குறைகிறது. எவ்வளவு நேர்த்தியான எதிர்ப்பொருளானாலும் பிடிப்பதற்குப் போதிய வைரஸ் எஞ்சாமல் போகலாம். ஆகவே, ஆய்வகத்தில் சுத்திகரித்த வைரஸை மட்டும் காட்டி "துல்லியம்" என்று சொல்லும் கிட்டை நான் ஏற்கமாட்டேன். நோயுற்ற நாய்களின் மலத்தில், வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையோடு ஒப்பிட்ட கணக்குதான் வேண்டும்.

மறுசேர்க்கை முறை தரத்தை நிலைநிறுத்தும், வளர்க்கத் தகுந்தது. தவறவிடும் நோயை எல்லாம் அது மட்டுமே மீட்டுத்தராது. உயிர்த்தடுப்பூசியின் வைரஸும் கோட்டை விழச்செய்யலாம்; அது போட்ட சில நாட்களுக்குள் இல்லையென்றால், விழுந்த கோட்டை நம்புங்கள். விழாத கோட்டை நம்பாதீர்கள்: குட்டியைத் தனியே வையுங்கள், பிசிஆருக்கு அனுப்புங்கள், பிளீச்சிங் கரைசலால் தரையைக் கழுவுங்கள்.