வெறுப்புக்குள்ளான படைத்தலைவி

கதையில் வரும் தீயோனை வெறுப்பதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டுவதில்லை. ஆசிரியனே அவனை வெறுக்கத்தக்கவனாகப் படைத்துத் தருகிறான். நாம் அவன் காட்டிய வழியே செல்கிறோம். ஆனால், நல்லோர் அணியிலேயே நின்று, களத்தில் புறங்கொடாது பொருது, தன் கப்பலையும் காத்து நிற்கும் ஒரு படைத்தலைவியைச் சுவைஞருள் பெரும்பகுதியினர் பத்தாண்டுக்கு மேலாக வெறுத்து வருகின்றனர் என்றால், அதன் காரணத்தை வினவுவது திறனாய்வாளர் கடமையாகும். 'ஹேலோ' என்னும் வீடியோ விளையாட்டுத் தொடரில் வரும் கமாண்டர் சாரா பால்மர் அத்தகைய பாத்திரம்.

விளையாட்டிலே பாத்திரப் படைப்பா என்று நகைப்போர் நம்மிடையே இருத்தல் கூடும். நாடகத்தையும், பின்னர்த் திரைப்படத்தையும் இவ்வாறே நகைத்தனர். நம் மாணவர் மாலைப் பொழுதை எங்கே கழிக்கின்றனர் என்பதை அறிந்த ஆசிரியர் நகைக்கமாட்டார். கதைமாந்தரைப் பற்றிய அவர்களுடைய முதல் விருப்பு வெறுப்புகள் இக்காலத்தில் பெரும்பாலும் அங்கேதான் உருவாகின்றன.

ஹேலோவின் முதல் விளையாட்டைப் பங்கி என்னும் நிறுவனத்தார் 2001ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மனித இனத்துக்கும் வேற்றுக்கோள் இனங்கள் கூடிய காவனன்ட் என்னும் கூட்டணிக்கும் நடக்கும் போரே கதை. அதன் தலைவன் மாஸ்டர் சீஃப் எனப்படும் ஜான். முகம் காட்டாதவன், மிகுதியாகப் பேசாதவன், ஸ்பார்ட்டன் என்னும் தனிப்பயிற்சி பெற்ற வீரருள் ஒருவன். 2010இல் வந்த 'ஹேலோ: ரீச்' விளையாட்டோடு பங்கியார் தொடரிலிருந்து விலக, 343 இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனம் பொறுப்பேற்று 2012 நவம்பரில் 'ஹேலோ 4' விளையாட்டை வெளியிட்டது. பால்மர் அறிமுகமானது அதிலேதான். இன்ஃபினிட்டி என்னும் மாபெரும் போர்க்கப்பலில், ஸ்பார்ட்டன்-4 எனப்படும் புதிய தலைமுறை வீரர்களுக்கு அவள் தலைவி.

அவள் வருகையே இடறலோடு தொடங்குகிறது. நான்காண்டுகள் விண்வெளியில் உறைந்து கிடந்து மீண்டவன் சீஃப். கவசத்தோடு ஏறத்தாழ ஏழடி உயரம். அவனை முதன்முதல் நேரிற் காணும் பால்மர், இன்னும் உயரமாக இருப்பாய் என்று எண்ணியிருந்தேன் என்ற பொருள்பட ஒரு கேலி மொழிகிறாள். எழுதியவர் இதனைத் தோழமைக் கேலியாகவே கருதியிருத்தல் வேண்டும். பெயர் பெற்ற வீரனைக் கண்டு மருளாத ஒருத்தி எனக் காட்ட விழைந்திருக்கிறார். சுவைஞர் அதனை அவ்வாறு கொள்ளவில்லை. பதினோராண்டுகள் தம் கைகளால் இயக்கி, தாமே அவனாக நின்று போரிட்ட தலைவனை, நேற்று வந்தவள் அளந்து பார்க்கிறாள் என்றே கொண்டனர்.

ஈண்டுத் தமிழாசிரியர்க்கு ஓர் ஐயம் எழும். வீரர் செருக்குப் பேசுவது குற்றமா? வள்ளுவர் படைச்செருக்கு என்று ஓர் அதிகாரமே வகுத்தாரே! உண்மைதான். ஆனால் அவ்வதிகாரத்தின் முதற்குறளில் பேசுகின்ற வீரன் யாரிடம் பேசுகிறான்? பகைவரிடம். யாரைக் குறித்துச் செருக்குகிறான்? தன் தலைவனைக் குறித்து. களத்தில் நின்றுகொண்டு, பகைவரை நோக்கி, தன்னினும் உயர்ந்த ஒருவனைச் சார்த்திப் பேசும்போது செருக்கு அழகாகின்றது. தொல்காப்பியரும் பெருமிதத்துக்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என நான்கு நிலைக்களன் கூறினார். நிலைக்களன் இன்றிப் பெருமிதம் இல்லை. பால்மரின் செருக்கு எவர்மீது பாய்கிறது என்று பாருங்கள். பகைவர்மீது பாய்வதினும், தன் பக்கத்தார்மீதே மிகுதியாகப் பாய்கிறது. தன் கப்பலின் அறிவியலாளரையே அறிவைக் கிண்டல் செய்யும் வசைப்பெயரிட்டு அழைக்கிறாள். அவர்களைக் காக்கும் பணியில் வீரரை ஏவும்போதும் அப்பெயரை விடுவதில்லை. அவளுடைய தறுகண்மைக்குச் சான்றான செயல்களோ பெரும்பாலும் நாம் காணாத இடத்தில் நிகழ்ந்தவை. நிலைக்களன் காட்டப்படாத பெருமிதம் கேட்போர் செவியில் எள்ளலாகவே விழும்.

அடுத்தது, அவள் குரல் நம்மை வந்தடையும் வழி. ஹேலோ 4 விளையாட்டோடு 'ஸ்பார்ட்டன் ஆப்ஸ்' என்னும் கிளைக்கதையும் 2012 நவம்பர் தொடங்கி 2013 பிப்ரவரிக்குள் பகுதி பகுதியாக வந்தது. பத்துப் பகுதிகள், பகுதிக்கு ஐந்தாக ஐம்பது களங்கள். அதில் ஆடுவோர் கிரிம்சன் என்னும் சிறுபடையினர். அவர்க்கு முகமில்லை, சொல்லுமில்லை. பால்மரோ கப்பலில் இருந்தபடி வானொலியில் ஏவுகிறாள். அங்கே போ, இதை அழி, அதை மீட்டு வா என்று பல களங்களில் அக்குரல் காதில் ஒலிக்கிறது. பாராட்டு அரிது, அலுப்பும் கேலியும் மலிவு. மறுமொழி கூற வாயில்லாதவனிடம் இடைவிடாது கேலி பேசுபவரை அவன் விரும்புவானா? வகுப்பறையை அறிந்தவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இடையிடையே வரும் திரைக்காட்சிகளில் பால்மர் களமிறங்கி இரு கைகளிலும் துப்பாக்கி ஏந்திச் சுடுகிறாள். பார்க்க அழகுதான். ஆனால் ஹேலோ 4 ஆடுவோனுக்கு இரு கையிலும் படைக்கலன் ஏந்தும் உரிமை இல்லை. முந்தைய விளையாட்டுகளில் இருந்த அவ்வசதி அதில் கிடையாது. தனக்கு மறுக்கப்பட்டதைத் தன்னை ஏசுபவர்க்கு வழங்கினால் ஆடுவோன் மனம் என்னாகும்? சிறு செய்தியாகத் தோன்றினும், காவியத்தில் இல்லாத ஒரு வாயில் விளையாட்டில் உண்டு என்பதை இது காட்டுகிறது. இங்கே சுவைஞன் பார்வையாளன் மட்டும் அல்லன். களத்தில் நிற்பவனும் அவனே.

குரல் கொடுத்த நடிகைமேல் குறை சொல்வதற்கும் இடமில்லை. பால்மருக்குக் குரல் தந்தவர் ஜெனிஃபர் ஹேல். 2007இல் தொடங்கிய 'மாஸ் எஃபெக்ட்' விளையாட்டில் கமாண்டர் ஷெப்பர்ட் என்னும் தலைமைப் பாத்திரத்தின் பெண் வடிவத்துக்குக் குரல் தந்தவரும் அவரே. அதே குரல், அதே கமாண்டர் பதவி, அதே கடுமை. ஷெப்பர்டைச் சுவைஞர் போற்றினர், பால்மரைத் தூற்றினர். ஷெப்பர்ட் ஆடுவோனே; அவள் சொல்லும் கடுஞ்சொல் அவன் தேர்ந்து சொல்லும் சொல். பால்மரின் கடுஞ்சொல்லோ அவன்மேல் வந்து விழும் சொல். வேறுபாடு அவ்வளவே.

பெண் என்பதனாலேயே வெறுக்கின்றனர் என்பாரும் உளர். அதனை முற்றாகத் தள்ளிவிட இயலாது. சார்ஜன்ட் ஜான்சன் என்னும் ஆண் பாத்திரம் தொடக்கமுதல் வீரரை ஏசியும் வீறாப்புப் பேசியும் திரிந்தான். 2007இல் வந்த மூன்றாம் விளையாட்டில் அவன் இறந்தபோது சுவைஞர் கண் கலங்கினர். அவனுக்குச் சிரிப்பாக அமைந்தது அவளுக்குத் திமிராக அமைவதேன் என்ற வினா நேர்மையானது. எனினும் ஜான்சன் நம்மோடு சேற்றில் நடந்தான், நம் பக்கத்தில் நின்று சுட்டான். மேலும், ரீச் விளையாட்டில் துணைத்தலைவியாக வரும் காட் என்பவளும் அடக்கமானவள் அல்லள். அவளை இவ்வாறு எவரும் வெறுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த ஒருவர் பொருட்டுப் பால்மர் மிகுதியும் வெறுக்கப்படுகிறாளோ அவரும் ஒரு பெண்ணே. கேதரின் ஹால்சி என்னும் அந்த அறிவியலாளரைப் பற்றித்தான் இனிப் பேசவேண்டும். இவ்வழக்கின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது.

எரிக் நைலண்ட் 2001இல் எழுதிய 'தி ஃபால் ஆஃப் ரீச்' என்னும் நாவல் ஹால்சியின் கதையைக் கூறுகிறது. ஸ்பார்ட்டன்-2 படையை உருவாக்க அவர் எழுபத்தைந்து குழந்தைகளைத் தேர்ந்தார். அவர்களுக்கு வயது ஆறு. பெற்றோர் அறியாமல் அவர்களைக் கவர்ந்துவந்து, அவர்கள் இடத்தில் விரைவில் நோயுற்று மடியும் போலிப் படிவங்களை வைத்தனர். பதினான்காம் வயதில் உடலை மாற்றும் அறுவை மருத்துவம் செய்தனர். முப்பது பேர் அதிலேயே இறந்தனர், பன்னிருவர் உடல் சிதைந்தனர், தேறியவர் முப்பத்துமூவர். அவர்களுள் ஒருவன் ஜான், நாம் போற்றும் மாஸ்டர் சீஃப்.

இக்கொடுமையை ஒருவர் கண்டித்தால் நாம் யார் பக்கம் நிற்கவேண்டும்? ஐயமே இல்லை. பால்மர் அதனைக் கண்டிக்கிறாள். அவள் தலைமை தாங்கும் ஸ்பார்ட்டன்-4 படையினர் அனைவரும் வளர்ந்தவர்கள், தாமே விரும்பிச் சேர்ந்தவர்கள். ஹால்சி சிறைப்பட்டவராய் இன்ஃபினிட்டிக்குக் கொண்டுவரப்படும்போது பால்மர் அவரை அருவருப்போடு நோக்குவதற்கு நியாயம் உண்டு. ஆயினும் சுவைஞர் நெஞ்சு நியாயத்தின் பக்கம் சாயவில்லை. குற்றவாளியின் பக்கமே சாய்ந்தது. பின்னர் ஹால்சி பகைவர் தலைவன் ஜூல் எம்டாமாவின் கையில் சிக்க, உளவுத்துறைத் தலைவி ஓஸ்மன் அவரைக் கொல்லும்படி ஆணையிடுகிறாள். கப்பல் தலைவன் லாஸ்கிக்கு மனமில்லை. உயிரோடு மீட்க வேறொரு சிறுபடையை அனுப்புகிறான். பால்மரோ கொல்லவே செல்கிறாள். அவள் சுட்ட குண்டு தோளில் பாய, ஹால்சி தப்பிக் கை இழந்து, வஞ்சம் நெஞ்சிற் கொண்டு பகைவர் பக்கமே சேர்கிறார். உண்மை பேசியவள் கையாலேயே பகைவனுக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது.

சுவைஞரின் மனச்சாய்வை அறமின்மை என்று சொல்லிவிடுதல் எளிது. யான் அவ்வாறு சொல்லேன். ஹால்சியின் குற்றத்தை அவர்கள் அறியாதவர்கள் அல்லர். அதனை ஹால்சியின் உள்ளத்தின் வழியாகவே அறிந்தவர்கள். நாவலில் அவர் தயங்கினார், வருந்தினார், இறந்த குழந்தைகளைப் பெயர் பெயராக நினைவிற் கொண்டார். ரீச் விளையாட்டின் சிறப்புப் பதிப்போடு அவர் நாட்குறிப்பு என்ற பெயரில் ஒரு நூலே கொடுத்தனர். குற்றவாளிக்குப் பேச இத்தனை இடம் கொடுத்த ஆசிரியர், குற்றம் சாட்டுபவளுக்கு எவ்வளவு கொடுத்தார்? சில வசைமொழிகள், ஒரு துப்பாக்கி. அந்த எழுபத்தைந்து குழந்தைகளைப் பற்றிப் பால்மர் நெஞ்சுருகிப் பேசும் ஒரு காட்சியேனும் ஹேலோ 4இல் இல்லை. அவள் சினம் குழந்தைகளுக்காக எழுந்ததா, ஆணைக்காக எழுந்ததா, அறிவுடையோர்மேல் அவளுக்குள்ள பொதுவான வெறுப்பால் எழுந்ததா என்று தெளிய வழியில்லை. முற்கூறிய அந்த வசைப்பெயர் இங்கேதான் அவளைக் கெடுக்கிறது.

கம்பன் செய்ததை எண்ணிப் பாருங்கள். வீடணனும் தன் இனத்தாரிடம் கசப்பான உண்மை உரைத்து வெறுப்பைத் தேடிக்கொண்டவன். இன்றும் பட்டிமன்றங்களில் கும்பகருணனுக்குக் கிடைக்கும் கைத்தட்டல் அவனுக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் கம்பன் அவனை வாயடைக்க விடவில்லை. அவையில் பேசவைத்தான், இரணியன் கதையை ஒரு படலம் முழுதும் அவன் வாயாலேயே சொல்லவைத்தான். வீடணனை விரும்பாதவரும் அவன் ஏன் பிரிந்தான் என்பதை அறிவர். பால்மரை வெறுப்பவர்க்கு அவ்வாய்ப்பைக் கொடுப்பார் இல்லை.

இன்னொரு காரணத்தையும் சுருங்கச் சொல்லிவிடலாம். கேரன் டிராவிஸ் என்னும் நாவலாசிரியர் 2011 முதல் 2014 வரை எழுதிய மூன்று ஹேலோ நாவல்கள் ஹால்சியைக் கடுமையாகச் சாடின. வாசகரிடையே அப்போதே பூசல் எழுந்தது. தொடரை ஆக்கிய நிறுவனமும் மாறிய காலம் அது. பழையதை இழந்தோம் என்னும் மனக்குறையோடு இருந்தவர்க்குப் பழைய தலைவனைக் கேலி செய்து, பழைய அறிவியலாளரைச் சுடும் புதிய தலைவி, புதிய நிறுவனத்தின் வாயாகவே தோன்றினாள். ஒரு பாத்திரம் சுமக்கத்தக்க சுமை அன்று அது.

அவளை விரும்புவோரும் உளர். அவர் கூற்றைத் தள்ளலாகாது. அவர்கள் சுட்டுவது 2013 ஆகஸ்டு முதல் மூன்று இதழ்களாக டார்க் ஹார்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட 'ஹேலோ: இனிஷியேஷன்' என்னும் படக்கதை. ஸ்பார்ட்டன் ஆப்ஸ் கதையை எழுதிய பிரையன் ரீடே அதனையும் எழுதினார். படைவீராங்கனையாக இருந்த பால்மர் ஸ்பார்ட்டனாகச் சேர்ந்த கதை அது. அதில் அவளுக்கு அச்சம் உண்டு, தயக்கம் உண்டு, தேர்வு செய்யவேண்டிய நெருக்கடியும் உண்டு. அதனைப் படித்தவர் அவளிடம் பரிவு காட்டுவதில் வியப்பில்லை. ஆனால் அது வந்தபோது ஸ்பார்ட்டன் ஆப்ஸ் முடிந்து ஆறு திங்கள் ஆகிவிட்டன. ஐம்பது களம் ஆடியவர்கள் தம் தீர்ப்பை எழுதி முடித்துவிட்டனர். அவர்களுள் பலர் படக்கதை வாங்குவோரும் அல்லர். 2015இல் வந்த 'ஹேலோ 5' விளையாட்டில் கை இழந்த ஹால்சியும் கையிழக்கச் செய்த பால்மரும் மீண்டும் ஒரே கப்பலில் இருக்கின்றனர். இருவரையும் ஓர் அறையில் அமர்த்தி, அந்தக் குழந்தைகளைப் பற்றிப் பேசவிட்டிருக்கலாம். கதை வேறு அலுவல் இருப்பதுபோல் அவர்களைக் கடந்து சென்றுவிடுகிறது.