விண்டோஸ் 98 ஏக்கம்: ஞாபகம் இருப்பதும் விட்டுப்போனதும்

பழைய கணினி ஞாபகங்கள் இப்போது ஒரு தனி எழுத்து வகையாகவே ஆகிவிட்டன. எல்லாவற்றுக்கும் ஒரே வாய்ப்பாடுதான். விண்டோஸ் 95 திறக்கும்போது கேட்கும் அந்தச் சத்தம், எக்ஸ்பியின் பச்சைக் குன்று, ஃப்ளாப்பி, சாலிட்டேர், பெயின்டில் வரைந்த வீடு. கடைசியில் 'அந்தக் காலம் மாதிரி வருமா' என்று ஒரு பெருமூச்சு. படிக்கச் சுகமாகத்தான் இருக்கு, மறுக்கவில்லை. ஆனால் தமிழில் வரும் இந்த ஏக்கக் கட்டுரைகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

அந்தச் சத்தத்தை அமைத்தவர் இங்கிலாந்து இசைக்கலைஞர் பிரையன் ஈனோ. குன்றை 1996இல் கலிஃபோர்னியாவில் படம் பிடித்தவர் சார்லஸ் ஓ'ரியர். உலகத்துக்கே பொதுவான ஞாபகங்கள் இவை. திருமங்கலத்தில் கணினி பழகியவருக்கும் டெக்சாஸில் பழகியவருக்கும் ஏக்கம் அப்படியே ஒன்றாக இருக்கிறதென்றால், நம்முடையது ஏதோ கணக்கில் வராமல் போயிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

நம்ம பக்கம் 98உம் எக்ஸ்பியும் காலூன்றிய முக்கியமான இடம் டிடிபி சென்டர். திருமங்கலம், கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டி, பேரையூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ், கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், எம்.ஃபில். ஆய்வேடு எல்லாம் அங்கேதான் தட்டப்பட்டன. பெரும்பாலும் பேஜ்மேக்கரில். தமிழே தெரியாத ஒரு இயங்குதளத்தில் இவ்வளவு தமிழ் எப்படி வந்தது? ஏக்கக் கட்டுரைகள் கேட்காத கேள்வி இது.

பதில், வேஷம் போட்டு வந்தது. அன்றைய 8 பிட் ஃபாண்டில் மொத்தம் 256 இடம். ஆங்கிலத்துக்கும் இதர குறிகளுக்கும் பாதி போய்விடும். மீதி 128இல் தமிழின் 247 எழுத்துகள் அடங்காது. ஆகவே கொம்பு, கால், கொக்கி என்று எழுத்தைத் துண்டு துண்டாக்கி, கிடைத்த இடத்தில் வைத்தார்கள். பாமினி போன்ற ஃபாண்ட்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்கார வைத்தன. பாமினியில் 'தமிழ்' என்று தட்டினால் கணினிக்குள் சேமிக்கப்படுவது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. அவ்வளவுதான். ஃபாண்ட் இருக்கும்வரை அது தமிழ். ஃபாண்டை எடுத்துவிட்டால் அர்த்தமில்லாத ஆங்கிலம்.

அதோடு வானவில்லுக்கு ஒரு கணக்கு, ஸ்ரீலிபிக்கு வேறு கணக்கு. ஒரு கடையில் தட்டியதை இன்னொரு கடையில் திறந்தால் முதல் கேள்வியே 'ஃபாண்ட் கொண்டாந்திருக்கீங்களா சார்?' என்பதுதான். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் தமிழக அரசு டாம், டாப் குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. நல்ல முயற்சி. ஆனால் அதுவும் 8 பிட்டுக்குள்தான். விண்டோஸ் வரிசையில் யூனிகோடு தமிழை இயங்குதளமே காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000இல். எக்ஸ்பியில்கூட பல கணினிகளில் தமிழ் தானாக வராது. மொழி அமைப்பில் ஒரு பெட்டியை டிக் செய்து, நிறுவல் சிடியை வேறு தேடிப் போட வேண்டும்.

இப்போது 'அந்தக் காலம் எளிமையாக இருந்தது' என்ற வாதத்துக்கு வருவோம். முழுப் பொய் இல்லை. விண்டோஸ் 98 கணக்குத் தொடங்கச் சொல்லி நச்சரிக்காது, பாதி வேலையில் அப்டேட் கேட்காது. வாங்கிய மென்பொருளுக்கு மாதாமாதம் வாடகை கிடையாது. கடவுச்சொல் கேட்டால் எஸ்கேப்பைத் தட்டிவிட்டு உள்ளே போய்விடலாம். கருவி நம் கையில் இருக்கிறது என்ற உணர்வு இருந்தது. இன்றைய கணினிகள் அதைப் பறித்துவிட்டன என்று ஏக்கக்காரர்கள் சொல்வது சரிதான்.

ஆனால் அந்த எளிமை ஆங்கிலத்துக்கு மட்டும். தமிழ்க் கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்க முடியாது. உள்ளே முழுக்க முழுக்கத் தமிழ், வெளியே ஆங்கில எழுத்தில் 'காதணி2'. எக்ஸெல்லில் மொய்க் கணக்கு ஏற்றி அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தால் வேடிக்கை தெரியும். கொம்பைத்தான் முதலில் தட்டுகிறோம், இல்லையா? அதனால் செல்வி, தெய்வானை, பெருமாள் மூன்று பேரும் அடுத்தடுத்து வந்து நிற்பார்கள். கணினிக்கு அவர்கள் எல்லோருடைய முதலெழுத்தும் ஒன்றே. திருப்பிச் செய்ய வேண்டிய மொய்யை நோட்டில் எழுதினால் தேடலாம். கணினியில் ஏற்றினால் அகர வரிசையில் தேட முடியாது! இதை எளிமை என்று எப்படிச் சொல்வது?

இந்த வேஷத் தமிழ் யூனிகோடு வந்ததும் ஏன் ஒழியவில்லை என்பதையும் யோசிக்க வேண்டும். சோம்பேறித்தனம் என்று கடைக்காரர்கள் மேல் பழிபோடுவது அநியாயம். தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் முடித்த விரல்கள் அவை. பழைய ஃபாண்ட்களில் பல, தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பைப் பின்பற்றியதால், கற்ற வித்தை அப்படியே சோறு போட்டது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7, 2001இல் வந்தது. அதற்கு யூனிகோடு தமிழ் ஆகாது. இன்டிசைனில் இந்திய எழுத்துகள் ஒழுங்காக உட்கார்ந்ததே 2012இல் வந்த சிஎஸ்6இல்தான். இடைப்பட்ட காலத்தில் கடை நடக்க வேண்டாமா? பழைய மேட்டரைத் திறந்து, பேரையும் தேதியையும் மாத்தி, பிரின்ட் போடுவதுதான் தொழில். எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8இல் நிறுத்தியது. அதற்குப் பிறகும் பேஜ்மேக்கருக்காகவே ஒரு பழைய கணினியை மூலையில் வைத்திருந்த கடைகள் உண்டு. அது ஏக்கம் இல்லை, பிழைப்பு.

2016இல் இன்டர்நெட் ஆர்கைவ் விண்டோஸ் 3.1 மென்பொருள்களை உலாவியிலேயே ஓட்டிப் பார்க்கும்படி வைத்தது. இன்று விண்டோஸ் 98ஐயும் உலாவியில் ஓட்டலாம். ஆக, இயங்குதளம் பிழைத்துக்கொண்டது. அதற்கு ஆள் இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது. பிழைக்காமல் போகிறவை அதில் நாம் எழுதியவை. ஒரு கிராமத்துக் கோயில் மலரில் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு எழுதிய தலவரலாறு இருக்கும். ஆய்வேட்டில் எவரோ களப்பணி செய்து சேர்த்த ஒப்பாரிப் பாட்டுகள் இருக்கும். அச்சுப் பிரதி நூறோ இருநூறோ போட்டிருப்பார்கள். மூலக் கோப்பு ஒரு சிடியில் கிடக்கும். அதைப் பிடிஎஃப் ஆக்கி வலையேற்றினாலும் கண்ணுக்குத்தான் தமிழ். தேடுபொறிக்கு அது ஜே, கே, பி, ஓ. தேடினால் கிடைக்காத எழுத்து, எழுதாத எழுத்துதான்.

இதற்கு மாற்று உதாரணம் மதுரை பெயரிலேயே இருக்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைப்பில், உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் தட்டிய தமிழ் இலக்கியங்களை இலவசமாகக் கொடுத்தது. அதுவும் 8 பிட் காலத்துப் பிள்ளைதான். ஆனால் அந்த நூல்கள் அநாதையாகவில்லை. எந்தக் குறியேற்றம் என்று வெளிப்படையாகச் சொன்னார்கள், படிக்க இலவச ஃபாண்ட் கொடுத்தார்கள், திஸ்கியில் இருந்ததைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றினார்கள். வேஷம் கலைத்தாலும் உள்ளே ஆள் யார் என்று தெரியும்படி குறிப்பு வைத்திருந்தார்கள், அவ்வளவே வித்தியாசம். சங்க இலக்கியத்துக்குச் செய்ததைச் சொந்த ஊர் மலருக்கு நாம் செய்யவில்லை.

செய்வதும் மலையைப் புரட்டும் வேலை இல்லை. பழைய சிடியில் இருப்பதை முதலில் நகலெடுங்க. கோப்போடு அதே ஃபாண்டையும் சேர்த்து வையுங்க. ஃபாண்ட் பெயரை ஒரு தாளிலாவது எழுதி வையுங்க, ஏனென்றால் பெயர் தெரியாவிட்டால் சரியான மாற்றியைத் தேர்ந்தெடுப்பது கடினம். பாமினி, டாம், வானவில் போன்றவற்றை யூனிகோடாக்கும் இலவச மாற்றிகள் வலையில் உண்டு. மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட வேண்டும். மூலத்தை மட்டும் அழிக்கக் கூடாது. பேஜ்மேக்கர் கோப்பு திறக்கவில்லையா? இங்கேதான் அந்த ஏக்கக்காரர்கள் கட்டிக்காத்த பழைய விண்டோஸ் கைகொடுக்கும். மெய்நிகர் கணினியில் எக்ஸ்பியை நிறுவி, பேஜ்மேக்கரைப் போட்டு, கோப்பைத் திறந்து, உரையை வெளியே எடுத்துவிடலாம்.

ஆகவே விண்டோஸ் 98 ரசிகர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அவர்களிடம் இருக்கும் ஆர்வமும் கைப்பழக்கமும் இந்த வேலைக்குத் தேவை. வேண்டுவது, ரசனை கொஞ்சம் நகர வேண்டும். தொடக்கச் சத்தத்தை ஆயிரம் பேர் பத்திரப்படுத்தியாகிவிட்டது. பேரையூர்ப் பக்கத்து ஒரு கோயில் மலரின் மூலக் கோப்பை அதைத் தட்டிய கடைக்காரர் மட்டுமே வைத்திருப்பார். அவரும் கணினி மாற்றும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கை எடைக்குப் போட்டுவிட்டால், எந்த எமுலேட்டரைக் கொண்டும் அதைத் திறக்க முடியாது.