கப்பலுக்கும் உண்டு வலக்கை

ஆரணியில் குழித்தறியில் உட்கார்ந்தவருக்கு இடம், வலம் என்ற இரண்டே சொல் போதும். தறி நகராது, நெய்பவர் முகமும் திரும்பாது. நாடா எந்தப் பக்கம் போனது என்பதில் சந்தேகமே வராது. கப்பல் தளத்திலோ ஒருவர் முன்னே பார்த்து நிற்பார், இன்னொருவர் பின்னே பார்த்துக் கயிறு இழுப்பார். இவருடைய வலம் அவருக்கு இடம். ஆகவே ஐரோப்பிய மாலுமிகள் ஆளை விட்டுவிட்டுக் கப்பலுக்கே கைகளை வைத்தார்கள். யார் எப்படித் திரும்பி நின்றாலும் 'ஸ்டார்போர்டு' கப்பலின் வலப்பக்கம்தான். சுக்கான் துடுப்பை அந்தப் பக்கம் கட்டியிருந்த காலத்துப் பெயர் அது.

யோசனை அருமை, பெயர் வைத்ததில்தான் கோட்டை விட்டார்கள். இடப்பக்கத்துக்கு 'லார்போர்டு'. புயல் இரைச்சலில் கத்தினால் இரண்டும் ஒன்றுபோலத்தானே கேட்கும்? பிரிட்டிஷ் கடற்படை அதை 'போர்ட்' என்று மாற்றியது 1844இல், அமெரிக்கக் கடற்படை 1846இல். அதுவரை எப்படித்தான் சமாளித்தார்களோ!

இதைவிடப் பெரிய கோளாறு கட்டளைகளில் இருந்தது. சுக்கான் தண்டை வலப்பக்கம் தள்ளினால் கப்பல் இடப்பக்கம் திரும்பும். கட்டளையோ தண்டுக்கானது. தண்டு போய்ச் சக்கரம் வந்த பிறகும் அதே கட்டளை நீடித்தது. 1912 ஏப்ரல் 14 இரவு, டைட்டானிக்கில் பனிப்பாறையைக் கண்டதும் கப்பல் அதிகாரி மர்டாக் இட்ட ஆணை 'ஹார்ட் எ ஸ்டார்போர்டு'. கப்பல் இடப்பக்கம் திரும்பியது. பிழையில்லை, அன்றைய முறைப்படி சரியே. ஆனால் செய்ய வேண்டியதற்கு எதிர்ப்பதமாக ஒலிக்கும் ஆணை, பழகியவர்களின் நிதானத்தை நம்பியே பிழைக்கிறது. 1929 லண்டன் மாநாட்டில்தான் கப்பல் திரும்பும் பக்கத்தையே சொல்வதென உடன்பட்டார்கள்.

நம் கடற்கரைச் சொற்கள் வேறு வகை. படகின் முன்பகுதி அணியம். கடலில் திசையைக் காற்றே சொல்லும்: வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கச்சான், தெற்கே சோழகம். ஒரே சொல்லில் திசை, பருவம், கடலின் குணம் மூன்றும் வந்துவிடுகின்றன; ஸ்டார்போர்டுக்கு அந்தச் செழுமை கிடையாது. ஆனால் சோழகம் தென்மேற்கையும் அணைத்துக்கொள்ளும், வாடை வடகிழக்கையும். வானிலை பேச இந்த நெகிழ்ச்சி வசதி. பாறைக்கு முன்னால் படகைத் திருப்ப உதவாது.

தமிழில் எழுதும்போது நாம் போர்ட், ஸ்டார்போர்டை வெறும் இடப்புறம், வலப்புறம் ஆக்கிவிடுகிறோம். அச்சொற்களின் ஒரே பலம் அங்கே கரைந்துவிடுகிறது. யாருடைய இடம், யாருடைய வலம்? 'கப்பலிடம்', 'கப்பல்வலம்' என்றால் அழகு கொஞ்சம் குறையலாம், குழப்பம் இராது.