தட்டச்சு விளைவும் தமிழ் எழுத்தும்: டைப்டு.ஜேஎஸ் ஒரு மதிப்பீடு

இணையப் பக்கத்தின் முகப்பில் எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி, யாரோ அப்போதுதான் தட்டச்சு செய்வது போலக் காட்டும் விளைவை உருவாக்க இரு வழிகள் பரவலாகக் கையாளப்படுகின்றன. பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழியை மட்டும் கொண்டு, சொற்றொடர் அடங்கிய பெட்டியைப் படிப்படியாக விரிப்பது முதல் வழி; மேட் போல்ட் உருவாக்கிய டைப்டு.ஜேஎஸ் போன்றதொரு ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை, அதாவது பிறர் எடுத்தாள்வதற்கென முன்னரே எழுதப்பட்ட நிரல் தொகுப்பை, இணைப்பது மற்றது.

முதல் வழி தமிழுக்கு உதவாது. பெட்டியை அளக்கும் அலகு எழுத்துருவிலுள்ள சுழியத்தின் அகலமே ஆதலால், எல்லா எழுத்தும் ஒரே அகலமுடைய ஆங்கில எழுத்துருவில் ஒவ்வொரு படியும் எழுத்தின் விளிம்பில் சரியாக நிற்க, 'ர'வும் 'ணை'யும் வெவ்வேறு அகலத்தில் அமையும் தமிழிலோ எழுத்து பாதியில் வெட்டுண்டு நிற்கும்.

டைப்டு.ஜேஎஸ் அகலக் கணக்கைச் சாராதது. தொடர்களையும் தட்டும் வேகத்தையும் அழிக்கும் வேகத்தையும் கொடுத்தால் போதும். கொடுத்த மில்லிநொடியை அப்படியே பின்பற்றாமல், அதற்கும் அதன் ஒன்றரை மடங்குக்கும் இடைப்பட்ட ஓர் இடைவெளியை ஒவ்வொரு தட்டலுக்கும் தற்போக்காகத் தேர்வதால், மனிதக் கைக்குரிய சீரின்மை அதில் வாய்க்கிறது. இந்த நுட்பமே அதன் தலையாய சிறப்பு.

எனினும், எழுத்து என்று அது எண்ணுவது யூனிகோடு குறியீட்டையே. 'தமிழ்' என்னும் சொல் மூன்று எழுத்தாயினும், த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகச் சேமிக்கப்படுவதால், திரையில் 'தம' என்று தோன்றியது 'தமி' ஆகி, 'தமிழ' என்று நின்று, பிறகே புள்ளி பெறுகிறது. தமிழ்99 விசைப்பலகையில் ம, இ என இரு விசைகளைத் தட்டியே 'மி' பெறப்படுகிறது என்பதால், இதனை உண்மையான தட்டச்சுக்கு நெருங்கியது என்றும் வாதிடலாம். ஆனால் அழிக்கும்போது 'கல்' ஒரு கணம் 'கல' ஆவதும், 'கொ' தோன்றுகையில் இடப்பக்கம் முளைக்கும் கொம்பு ககரத்தை வலப்பக்கம் தள்ளுவதும் கண்ணை உறுத்துவன.

இக்குறைக்கு மாற்று, உலாவியிலேயே உள்ள இன்டல்.செக்மென்டர் என்னும் கருவியாகும். வாசகர் ஓர் எழுத்தாக உணரும் அலகுகளாகச் சொல்லைப் பிரித்துத் தரும் இக்கருவி, குரோமில் 2020-லும் பயர்பாக்ஸில் 2024-லும் இடம்பெற்றது. அதனுடன் ஒரு கால இடைவெளிச் சார்பைச் சேர்த்தால், நூலகமே இன்றிச் சில வரிகளில் விளைவு அமைந்துவிடும். தமிழ்த் தலைப்பு ஒன்றே தேவைப்படும் பக்கத்துக்கு இதுவே தகும்.

எவ்வழியை மேற்கொண்டாலும், தலைப்பு இரண்டாம் வரிக்கு நீளும்போது கீழுள்ள பகுதி துள்ளாதிருக்கப் பெட்டிக்குக் குறைந்தபட்ச உயரம் வரையறுக்கப்பட வேண்டும். பிற உள்ளடக்கத்துடன் சேர்ந்து தானே தொடங்கி ஐந்து நொடிக்கு மேல் நீடிக்கும் அசைவை நிறுத்த வசதி வேண்டும் என்று இணைய அணுகல் நெறிகள் கோருகின்றன. ஆகவே, முடிவின்றிச் சுழலும் அமைப்பினும் ஒருமுறை தட்டி நின்றுவிடும் அமைப்பே ஏற்றது.