தீவகத்தில் வாடகைக்கு ஒரு வீடு: வருமானமா, காவலா?

புங்குடுதீவினூடாகக் குறிகட்டுவான் இறங்குதுறை நோக்கிப் போகும் பஸ்ஸின் யன்னலோரம் இருந்தால் இரண்டு வகை வீடுகள் கண்ணில் படும். ஒன்று, ஓடு சரிந்து, சுவருக்குள்ளே வேம்பு முளைத்த நாற்சார் வீடு. மற்றது, புதுப் பெயின்ற் அடித்து, கிறில் கேற் போட்டுப் பூட்டிக் கிடக்கும் மாடி வீடு. முதல் வீட்டின் சொந்தக்காரர் யார் என்று கேட்டால் ஏழெட்டுப் பேரின் பெயர் வரும். இரண்டாம் வீட்டுக்காரர் சுவிசிலோ கனடாவிலோ இருப்பார். கோயில் திருவிழாவுக்கு வந்து போவார்.

எழுபதுகளிலேயே தொடங்கிய புலப்பெயர்வும், 1990 ஓகஸ்ட் இராணுவ நடவடிக்கையோடு வந்த பெரும் இடப்பெயர்வும் யாழ்ப்பாணத் தீவகத்தைக் காலியாக்கின. போர் முடிந்த பிறகு ஒரு பகுதியினர் மட்டுமே திரும்பினர். எஞ்சிய வீடுகளை வாடகை முதலீடாக்கலாம் என்ற எண்ணம் அண்மைக் காலத்தில் வலுத்திருக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடியில் டொலர் சுமார் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது, பிராங்கிலும் டொலரிலும் உழைப்பவருக்கு ஊர்க்காணி மலிவாகத் தெரிந்தது. சின்ன வீடொன்றை வாங்கித் திருத்தி ஆளை இருத்துவது, அல்லது நெடுந்தீவிலும் நயினாதீவிலும் பயணிகளுக்கு அறை விடுவது என்பதே திட்டம்.

இந்த எண்ணத்தில் உண்மையான பலம் இருக்கிறது. ஆனால் அது பலர் நினைக்கும் இடத்தில் இல்லை.

முதற் பலம், ஆள் இருக்கும் வீடு நிலைக்கும் என்பது. உப்புக்காற்று கொங்கிறீற்றின் வெடிப்புக்குள் புகுந்து உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு ஏறிய கம்பி பருத்துக் கொங்கிறீற்றைப் பிளக்க, பிளேற்றின் அடிப்பக்கம் துண்டு துண்டாகக் கழன்று விழும். குடியிருப்பவர் முதல் வெடிப்பைக் கண்டதும் பூசிவிடலாம். பூட்டிய வீட்டில் அதைக் காண ஆள் இல்லை. நிலையில் ஏறும் கறையான், பீலியை அடைக்கும் சருகு, இறைக்காமல் பாசி பிடிக்கும் கிணறு எல்லாமே ஆளில்லா வீட்டின் நோய்கள்.

இரண்டாவது பலம் சட்டம் சார்ந்தது. தீவகத்தில் நெடுங்காலப் பழக்கம், "வீடு பார்க்க ஆள் விடுதல்". வாடகை இல்லை, எழுத்து இல்லை. தெரிந்த குடும்பமொன்று இருந்து விளக்கேற்றி, முற்றம் கூட்டி, வளவைப் பார்க்கும். இரு தரப்புக்கும் இது ஆபத்தானது. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராகப் பத்து ஆண்டுகள் இடையூறின்றிக் காணியை ஆண்டவர் உரிமை கோரலாம். போரால் ஊரை விட்டுப் போனவர்கள் இதனால் காணியை இழக்கக்கூடாது என்றே 2016இல் சிறப்பு ஏற்பாட்டுச் சட்டம் வந்தது. அனுமதியோடு இருப்பவருக்கு இந்த உரிமை எளிதில் கிடைக்காது. ஆனால் அனுமதி வாய்ச்சொல்லாக இருந்தால், அதை நிரூபிக்கவே நீதிமன்றத்தில் ஆண்டுகள் போகும். மறுபுறம், பதினைந்து வருடம் வீட்டைக் காத்த குடும்பம் சொந்தக்காரரின் ஒரே தொலைபேசி அழைப்பில் வெளியேற நேர்கிறது. வாடகை உடன்படிக்கை ஒருவருக்கு உரிமையையும் மற்றவருக்குத் தவணையையும் எழுத்தில் உறுதி செய்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட்டால்தான் செல்லும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்தே உள்ள சட்டம்.

யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு நிகராகப் பழகிவந்த இன்னொரு வழி ஒற்றி. பணத்தைக் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக வீட்டில் இருப்பார், அல்லது காணியின் விளைவை எடுப்பார். பணம் திரும்பும்போது சொத்தும் திரும்பும். கைமுதல் இல்லாத உரிமையாளருக்குத் திருத்த வேலைக்கு மொத்தப் பணம் கிடைப்பது இதன் நன்மை. பணவீக்கக் காலத்தில் அடி விழுவது ஒற்றி பிடித்தவருக்கு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியது. அதற்கு முன் பத்து லட்சம் கொடுத்து ஒற்றி பிடித்தவருக்குத் திரும்பியது அதே பத்து லட்சம்தான்; அதைக் கொண்டு வாங்கக்கூடிய பொருளோ முன்பைவிட வெகு குறைவு.

இனிக் குறைகள். முதலாவது, கணக்கு.

ஒரு கணக்குக்கு, வேலணையில் முதுசமாக வந்த வீட்டை 30 லட்சம் ரூபாய் செலவில் திருத்தி, மாதம் 15,000 ரூபாய்க்கு விடுவதாக வைப்போம். ஆண்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். இரண்டு மாதம் ஆளில்லாமல் கிடந்தால் ஒன்றரை லட்சம். தண்ணீர் மோட்டர், பெயின்ற், ஓடு மாற்றல் என்று 50,000 போனால் மிஞ்சுவது ஒரு லட்சம். போட்ட பணத்தில் சுமார் மூன்றேகால் வீதம். அதே 30 லட்சம் 8 வீத நிலையான வைப்பில் 2 லட்சத்து 40 ஆயிரம் தரும். காணியையும் விலைக்கு வாங்கியிருந்தால் கணக்கு இன்னும் மோசமாகும்.

அமெரிக்காவில் சிறு முதலீட்டாளர்கள் நடமாடும் வீட்டுத் தரிப்பிடங்களை வாங்கத் தொடங்கியதற்கு ஒரு காரணம், திருத்தச் செலவு வாடகையைத் தின்னும் இதே கணக்குத்தான். அங்கே வீடு பெரும்பாலும் குடியிருப்பவருடையது. முதலீட்டாளர் நிலத்துக்கு மட்டும் வாடகை வாங்குகிறார். கூரை ஒழுகினால் செலவு குடியிருப்பவருக்கு. வீட்டை இடம் மாற்றும் செலவு அதிகம் என்பதால் நிலவாடகை கூடினாலும் அவர் எழும்பமாட்டார். ஏழைகளின் இந்த இக்கட்டே அந்த முதலீட்டின் இலாபம் என்ற கண்டனமும் அங்கே வலுவாக உண்டு. தீவகத்தில் நிலைமை நேர்மாறு. நிலம் மலிவு, கட்டடமே செலவு, உப்புக்காற்றின் கணக்கு முழுவதும் உரிமையாளர் தலையில். வாடகைக்காரரும் பிடிக்காவிட்டால் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போய்விடுவார்.

இரண்டாவது குறை, காணி உறுதி. சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்று யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமை பிரிக்கும் சொத்துகள் மூன்று தலைமுறை கடந்ததும் பிரிக்கப்படாத பங்குகளாகிவிடுகின்றன. பங்காளிகளில் ஒருவர் பாரிசில், ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் இறந்து பிள்ளைகள் இலண்டனில். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். 1947ஆம் ஆண்டின் முன்வாங்கல் உரிமைச் சட்டப்படி பங்காளிக்கும் உரித்தாளருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவருக்கு 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் காணி வாங்கத் தடை போடுகிறது; இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கும், உரித்தாகப் பெறுபவருக்கும் விலக்கு உண்டு. இதைத் தாண்டச் சிலர் ஊரில் உள்ள மச்சான் பெயரில் வாங்குகிறார்கள். சட்டத்தின் கண்ணில் அந்த வீடு மச்சானுடையது. நாளை அவருடைய பிள்ளைகளுக்கு அது முதுசம்.

மூன்றாவது, கடல். தெருவால் போகக்கூடிய வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு ஒரு வகை. படகேற வேண்டிய நயினாதீவும் நெடுந்தீவும் வேறு வகை. நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து சுமார் ஒரு மணி நேரக் கடற்பயணம். ஒவ்வொரு சீமெந்துப் பையும் பஸ் தரிப்பில் ஒரு கூலி, இறங்குதுறையில் ஒரு கூலி, படகில் ஒரு கூலி என்று விலை ஏறித்தான் போய்ச் சேரும். கிணற்று நீர் பல இடங்களில் உவர். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையில் இல்லை. டீசல் இயந்திரமே நெடுங்காலம் அவற்றின் ஆதாரமாக இருந்தது. சூரிய, காற்று மின் கலப்புத் திட்டத்துக்கு 1 கோடி 10 லட்சம் டொலர் இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

அறை விடும் திட்டம் இங்கேதான் சறுக்குகிறது. நெடுந்தீவின் குதிரைகள், ஒல்லாந்தர் கோட்டை, பெருக்கு மரம், முருகைக்கல் வேலிகள் எல்லாம் பார்க்கத்தக்கவை. ஆனால் காலைப் படகில் வந்தவர் பெரும்பாலும் பின்னேரப் படகில் திரும்பிவிடுகிறார். நயினாதீவில் நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் கூட்டம் நெருங்கும். வந்தவருக்கு மடமும் அன்னதானமும் உண்டு. வருடத்தில் சில கிழமைகளை நம்பி ஆறு அறை கட்டுவது பிழையான கணக்கு. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிய வேண்டும். வீட்டுத் தங்கல் என்று பதிவதானால் குடும்பம் அங்கேயே இருக்க வேண்டும். சூரிச்சிலிருந்து அதை நடத்த முடியாது.

உள்ளூரில் உறுதியான கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. நெடுந்தீவுப் பள்ளிக்கூடங்களுக்கு மாற்றலாகி வரும் ஆசிரியர், வைத்தியசாலைத் தாதி, பிரதேச செயலக உத்தியோகத்தர், ஊர்காவற்றுறை நீதிமன்றத்திலும் ஆதார வைத்தியசாலையிலும் வேலை செய்வோர் ஆகியோருக்குத் தேவை நல்ல தண்ணீரும் பூட்டுள்ள அறையும். இவர்களின் எண்ணிக்கை சிறிது, வாடகையும் சிறிது. ஆனால் தொகை மாதாமாதம் வரும். கடல் கொந்தளித்துப் படகு நிற்கும் நாளில் ஆசிரியர் அக்கரையில் அகப்படாமல் ஊரிலேயே இருந்தால் வகுப்பும் நடக்கும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தீவகத்தில் இன்றைக்கும் காணியில்லாத குடும்பங்கள் பிறருடைய வளவில் இருக்கின்றன. வெளிநாட்டுப் பணம் காணி விலையை ஏற்றினால், ஊரில் உழைத்து ஊரிலேயே இருப்பவர் ஒரு பரப்புக்கூட வாங்க முடியாமற் போகும். பூட்டிய வீட்டைத் திறந்து குடியிருத்தும் முதலீடு ஊருக்கு நன்மை. வாங்கிப் பூட்டி விலை ஏறக் காத்திருக்கும் முதலீடு ஊருக்குத் தீமை. இரண்டையும் ஒரே பெயரால் புகழ்வது தவறு.

ஆக, தீவகத்தில் வாடகை வீடு முதலீடாக மெலிந்தது; முதுசத்தைக் காக்கும் வழியாக வலியது. புதிதாகத் தொடங்குபவர் புதுக் காணி தேட வேண்டாம். ஏற்கெனவே உள்ள ஒரு வீட்டில், பாலத்தால் போகக்கூடிய இடத்தில், பங்காளிகள் எல்லோரும் ஒப்பமிட்ட பிறகு, இரண்டு மூன்று வருடத் தவணையோடு தொடங்கட்டும். வீட்டைக் காத்த குடும்பம் ஒன்று அங்கே இருந்தால், முதல் உடன்படிக்கையை அவர்களோடு, அவர்களால் கட்டக்கூடிய வாடகைக்கு எழுதட்டும். அடுத்த திருவிழாவுக்கு ஊருக்கு வருபவர்கள் பெயின்ற் கடைக்குப் போவதற்கு முன் காணிப் பதிவகத்துக்கும் நொத்தாரிசிடமும் ஒருமுறை போய்வர வேண்டும்.