நடுவர் மேசையைப் பார்த்து நடிக்கும் நாடகங்கள்

கண்டி மாவட்டத்துத் தமிழ்மொழிப் பாடசாலைகளில் இன்று நாடகம் நடக்கிறதென்றால், பெரும்பாலும் அது தமிழ்மொழித் தினப் போட்டியின் தயவால்தான். அக்குறணை, மடவளை முஸ்லிம் பாடசாலைகள், கலஹா, தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகள், நகரத்து மகளிர் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் ஒரே வழி: பாடசாலையில் தொடங்கி கோட்டம், வலயம், மாகாணம் என்று ஏறி, கொடுத்துவைத்தால் தேசிய மட்டம். இந்தப் போட்டி இல்லாவிட்டால் பல மண்டபங்களில் திரையே விலகாது. அந்த நன்றியோடுதான் குறை சொல்லவேண்டும். ஆனால் சொல்லியே ஆகவேண்டும்.

போட்டி மேடையில் அடிக்கடி காணக் கிடைக்கும் சமூக நாடகத்தை எடுத்துக்கொள்வோம். குடிகார அப்பன், அழுகிற அம்மா, படிப்பை நிறுத்தப்போகும் மகள். கடைசிக் காட்சியில் ஆசிரியரோ ஊர்ப் பெரியவரோ வந்து புத்தி சொல்கிறார். அப்பன் போத்தலை வீசி எறிகிறான், எல்லோரும் வரிசையாக நின்று பாடுகிறார்கள். மேடையின் முன்பக்கம் இரண்டு ஸ்டாண்ட் மைக். சண்டை உச்சத்துக்கு வந்ததும் அப்பன் இரண்டடி நடந்து மைக்கிடம் போகிறான், வசனத்தைச் சொல்கிறான், விலகி நிற்கிறான். பிறகு மகள் அதே இடத்துக்கு வந்து பதில் சொல்கிறாள். அடிக்கிறவனும் அடிவாங்குகிறவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. இருவரும் பார்ப்பது நடுவர் மேசையை.

இதற்குப் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல முடியாது. எழுத்துப்பிரதியே அப்படித்தான் பிறக்கிறது. கருத்து இருந்தால் புள்ளி விழும் என்று பொறுப்பாசிரியர் நம்புகிறார். நடுவரும் அந்த நம்பிக்கையைக் கெடுப்பதில்லை. அதனால் பாத்திரத்துக்கு முன்பே புத்திமதி எழுதி முடிந்துவிடுகிறது. பேச்சும் அந்த வழியே போகிறது. “பெரட்டுக்கு நேரமாச்சு” என்று வீட்டில் தினமும் கேட்கிற பிள்ளை, மேடையில் “பணிக்குச் செல்லும் வேளை நெருங்கிவிட்டது” என்கிறது. அதே நாடகத்தில் குடிகாரனுக்கும் வேலைக்காரனுக்கும் மட்டும் ஊர்ப் பேச்சு அனுமதி. மண்டபம் அப்போதுதான் உயிர்பெற்றுச் சிரிக்கிறது. நல்லவர்கள் எல்லோரும் பாடப்புத்தகம்போலவும், இளக்காரமானவர்கள் மட்டும் நம் அம்மா அப்பாவைப்போலவும் பேசினால், பார்க்கிற பிள்ளை தன் வீட்டைப் பற்றி என்ன முடிவுக்கு வரும்?

அதே பிள்ளைகளை நாட்டுக்கூத்திலோ இசை நாடகத்திலோ பாருங்கள், வேறு ஆட்கள்போல இருப்பார்கள். கால் தாளத்தில் நிற்கவேண்டும், மத்தளத்துக்குக் காது கொடுக்கவேண்டும், பிற்பாட்டுக்காரர் முடிக்கும் இடத்தில் எதிராளியின் அசைவைக் கவனிக்கவேண்டும். மைக்கைத் தேடிப்போக நேரமே இல்லை. வடிவம் கட்டாயப்படுத்துகிற இந்தக் கவனத்தைத்தான் நாம் நடிப்பு என்கிறோம்.

இந்த வித்தையை நகரத்துக்குப் பக்கத்திலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். 1956இல் சிங்கள நாடகாசிரியர் சரச்சந்திர பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘மனமே’ நாடகத்தை மேடையேற்றினார். அதே பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’, தொடர்ந்து ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ என்று மட்டக்களப்புக் கூத்தை மாணவரை வைத்தே மேடைக்குக் கொண்டுவந்தார். விடியவிடிய ஆடியதை ஓர் அமர்வுக்குள் அடக்கியது மட்டுமல்ல அவர் வேலை. எதை வெட்டலாம், எந்தப் பாத்திரத்தின் உள்ளே இறங்கலாம் என்று தீர்மானித்ததுதான் பெரிது. வட்டக்களரியைப் படச்சட்ட மேடைக்குள் திணித்துவிட்டார் என்று பின்னால் சி. ஜெயசங்கர் போன்ற அரங்கியலாளர்கள் வைத்த விமர்சனத்தில் நியாயம் உண்டு. ஆனால் பாடசாலைக்குத் தேவை அந்த மேடையல்ல, அந்த வெட்டும் ஒத்திகையும்.

ஒரு நெருடல் மட்டும் தீரவில்லை. கண்டிப் பிள்ளைகள் ஆடும் கூத்து பெரும்பாலும் கிழக்கிலிருந்து இரவல் வாங்கியது. மாசியில் காமன் நட்டு, ரதியும் மன்மதனும் தப்பு முழங்க லயத்து வாசல்தோறும் வரும் காமன் கூத்து தோட்டங்களில் இருக்க, பாடசாலை அதை எட்டிப்பார்ப்பது அபூர்வம். சடங்கை மேடையேற்றலாமா என்று தயங்குவார்கள். அந்தக் கிழக்குக் கூத்தின் வடமோடியும் கோயில் வெளியில் விளைந்ததுதானே. உண்மையில் தடுப்பது தப்பு என்ற வாத்தியத்தோடு ஒட்டியிருக்கும் சாதிக் கூச்சம். அதை வெளியே சொல்ல யாருக்கும் மனமில்லை.

மகளிர் கல்லூரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. மீசை ஒட்டி வேட்டி கட்டி ஆண் வேடம் போடும் மாணவிகள் பல நேரம் போட்டியின் மிகச் சிறந்த நடிகர்கள். தானல்லாத ஒருவரின் நடையை அவர்கள் கூர்ந்து பார்த்துக் கற்கவேண்டியிருக்கிறது; அம்மா வேடக்காரிக்கு அந்தச் சிரமம் இல்லை, அழத் தெரிந்தால் போதும்.

ஆக, என் தீர்ப்பு இது: சமூக நாடகப் பிரிவு, அரங்கு என்ற அளவில் தோற்றுவிட்டது. “பிள்ளைகள்தானே” என்று சொல்லி அதைக் காப்பாற்ற முடியாது. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘கூடி விளையாடு பாப்பா’வும் மௌனகுருவின் ‘தப்பி வந்த தாடி ஆடு’ம் சிறுவர் அரங்குக்கு விளையாட்டே போதும் என்று எப்போதோ காட்டிவிட்டன. கூத்தும் இசை நாடகமும் தேறுகின்றன, இரவல் என்ற குறையோடு.

போட்டியை ஒழிக்கச் சொல்லவில்லை. மைக்கை எடுத்துவிடுங்கள். வசனத்தைப் பிள்ளைகளே ஒத்திகையில் பேசிப்பேசி உண்டாக்கட்டும். வலயத்துக்குப் போகுமுன் ஒரு மாலை, தோட்டத்துப் பெற்றோர் முன்னால் அந்தக் குடிகார நாடகத்தைப் போட்டுப் பாருங்கள். எந்த வசனம் பொய் என்று நடுவருக்கு முன்பே அவர்கள் முகத்தில் தெரிந்துவிடும். மிச்சத் திருத்தத்தை ஆசிரியர் அங்கிருந்து தொடங்கலாம்.